காயாத பெஞ்சுகள்

எங்கள் சபை எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் ஜெபத்தால்தான் என்று சொல்வேன். அது உண்மை. ஆனால் அதில் இரண்டு டின் வார்னிஷுக்கும் பங்கு உண்டு. இதை நான் இதுவரை சபையில் சாட்சியாகச் சொன்னதில்லை. சொன்னால் என் மாமாவும் இன்னொருவரும் பொய்யர்கள் என்று ஆகிவிடும்.

எழுபதுகளில் நாங்கள் சுங்காய் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பழைய ஆயாக் கொட்டகைதான் எங்கள் ஜெபவீடு. தொட்டில் கட்டின கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. பிரசங்கம் நீளும்போது நான் அவற்றை எண்ணுவேன். பதினேழு.

ஊருக்குத் திரும்பிப் போன துரை ஒருவர் நாலு நீளப் பெஞ்சுகளைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவை முன்னால் கிடந்தன. ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி, அவர் மனைவி கிராணியம்மா, சின்னக் கிராணி குடும்பம், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர், இவர்கள் அதில் உட்காருவார்கள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலிக்காரர்களான நாங்கள் பின்னால் பாயில். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் நாங்கள் உட்காரமாட்டோம், அவ்வளவுதான். பாயிலிருந்து பார்த்தால் பிரசங்கியார் தெரியமாட்டார். கிராணிமார் முதுகுதான் தெரியும்.

ஆள் குறைந்துகொண்டே வந்தது. ஈப்போவிலிருந்து மாதம் ஒருமுறை வரும் பாஸ்டர் ஒரு நாள் வருத்தத்தோடு சொன்னார், "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம். இதே மாதிரி பத்துப் பதினஞ்சு பேருதான்னா, இங்க ஆராதனைய நிப்பாட்டிட்டு டவுன் சபையில சேர்ந்துக்குங்க." டவுனுக்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது. சனிக்கிழமைதோறும் கொட்டகையைக் கூட்டிக் கழுவி, அதன் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருந்த என் அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

சபை வளரட்டும் என்று பாஸ்டர் ஒரு கட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டுப் போனார். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் நாங்கள் வீடு வீடாகக் கொடுத்தோம். எல்லாரும் மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரம் கடையில் கச்சான் கடலை வாங்கினபோது அதே காகிதத்தில்தான் மடித்துக் கொடுத்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி, தோட்டத்துத் தச்சர். ஆராதனைக்கு வருவார், ஆனால் உள்ளே வரமாட்டார். வாசல்படியில் உட்கார்ந்துகொள்வார். "உள்ள வாடா" என்று அம்மா கூப்பிட்டால், "இங்கயே நல்லாத்தான் கேக்குதுக்கா" என்பார். அம்மா சபைக்காகவும் அவருக்காகவும் உபவாசம் இருந்தார்.

அக்டோபரில் பெரிய கிராணி மாமாவைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்குள் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்னார். மாமா அன்றே நாலையும் தன் பட்டறைக்குத் தூக்கிப்போனார். அடுத்த ஞாயிறு கிராணி வெள்ளை முழுக்கால் சிலுவார் போட்டுக்கொண்டு வந்து, முன்னால் வெறும் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஓடிப்போய் எங்கள் புதுப் பாயைக் கொண்டுவந்து விரித்தார். கிராணியம்மா கைக்குட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். பின்பக்கம் மழைச்சாரல் அடித்ததால் எல்லாப் பாயையும் நடுவில் நெருக்கிப் போட்டோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. பாட வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரமும் பெஞ்சு வரவில்லை.

"என்னப்பா, இன்னுமா காயல?" என்றார் கிராணி.

"மழ காலம்லா ஐயா. கைய வெச்சா ஒட்டுது. உங்க சிலுவார்ல பட்டா எந்த சோப்புக்கும் போவாது."

மூன்றாம் வாரம் பக்கத்தில் இருந்த ஒரு அக்காவின் குழந்தை தவழ்ந்துபோய் கிராணியம்மா மடியில் படுத்துத் தூங்கிவிட்டது. அந்த அக்கா பயந்துபோய்க் கையை நீட்டினார். கிராணியம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஆராதனை முடிந்து, அறிவிப்பு எல்லாம் முடிந்து, குழந்தை தானாக விழிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அந்த இடம் காலியாக இருந்தது.

"இங்க உக்காருமே, பச்ச சேல கட்டிக்கிட்டு, ஒரு பொண்ணு. எங்க?" என்று கிராணியம்மா அம்மாவிடம் கேட்டார்.

"புள்ளைக்குக் காச்சல்ங்கம்மா."

ஆராதனை முடிந்ததும் அவர் டிரஸரை அழைத்துக்கொண்டு சேற்றில் நடந்து லயத்துக்கே வந்துவிட்டார். கிராணி வீட்டு அம்மா லயத்துக்கு வந்து நாங்கள் பார்த்ததில்லை. எல்லா வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தார்கள். ஒரு வீட்டில் நாற்காலி தேடி ஓடினார்கள். அவர் அதற்குள் குழந்தையின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

குழந்தை தேறியதும் அந்த அக்கா கணவரையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தார். பல வருஷமாக வராமலிருந்த இரண்டு குடும்பங்கள் வந்தன. வராவிட்டால் யாராவது வீடு தேடி வந்து கேட்டுவிடுவார்களே என்று சிலருக்குப் பயம். கேட்க ஆள் இருக்கிறதே என்று சிலருக்குச் சந்தோஷம். பாய் போதாமல் சாக்கு விரித்தோம். கொக்கிகளை எண்ண எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் மாமாவுக்குச் சோறு கொண்டுபோன நான், மறதியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பதறி எழுந்தேன். கவுனில் ஒன்றும் ஒட்டவில்லை. நாலையும் தொட்டுப் பார்த்தேன். சோற்றுக் கோப்பை மாதிரி வழவழவென்று காய்ந்திருந்தன.

"மாமா, காஞ்சிருச்சு."

"சத்தம் போடாத புள்ள. யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"பொய் சொன்னா பாவம்."

"நீ ஏன் பொய் சொல்ற? யாரும் கேட்டா மாமாவக் கேளுங்கன்னு சொல்லு. பாவம் எனக்கு."

மாமா நரகத்துக்குப் போனால் எங்கள் வீட்டுக் கதவை யார் செப்பனிடுவார்கள் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது.

நவம்பரில் வெள்ளத்தால் வர முடியாமல் போன பாஸ்டர் டிசம்பர் ஆராதனைக்கு வருகிற வாரம் பெரிய கிராணி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முழங்கால் வலி தாங்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு வந்தாக வேண்டும் என்று. வியாழக்கிழமை கிராணியம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"உங்க மாமா பட்டறையக் காட்டு. ஐயா பாத்துட்டு வரச் சொன்னாரு."

மாமா அப்போது தொழிற்சாலைக் கூரையில் வேலையாக இருந்தார். நான் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். பெஞ்சுகளை மறுபடி ஈரமாக்கும்படி கர்த்தரிடம் கேட்டேன். அவர் செய்யவில்லை.

கிராணியம்மா பெஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தடவினார். பிறகு அதில் உட்கார்ந்தார். பெஞ்சு நீளம், அவர் மட்டும் அதன் நடுவில். கொஞ்ச நேரம் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து சேலையைப் பின்னால் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கு," என்றார்.

நான் எட்டி இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

"ஐயாகிட்ட நான் சொல்லிக்கிறேன். அவருக்கு மட்டும் வீட்டுலேருந்து ஒரு நாக்காலி கொண்டாரலாம். மாமாவ அவசரப்பட வேணாம்னு சொல்லு."

ஞாயிறு பாஸ்டர் வந்தபோது உள்ளே நுழைய வழியில்லை. இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்று அவர் கேட்டார். பிரசுரம் என்றார் சின்னக் கிராணி. உபவாசம் என்றார் அம்மா. கொட்டகையை மூடும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அன்று வாசல்படி மழையில் நனைந்திருந்தது. மாமா உள்ளே வந்து, கதவோரம் சாக்கில் உட்கார்ந்தார்.

பெஞ்சுகள் வந்தது ஈஸ்டருக்குத்தான். சுவரோரம் போட்டு, வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் உட்கார்ந்தார்கள்.

கிராணியம்மாவின் இரண்டு பிள்ளைகளும் ஈப்போ விடுதியில் தங்கிப் படித்தார்கள். மேட்டின்மேல் இருந்த கிராணி வீட்டில் பகல் முழுக்க அவரோடு பேச ஒரு ஆள் இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனாலும் அவர் கைக்கு மட்டும் ஏன் அந்தப் பெஞ்சு ஈரமாக இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பெரிய பாவம் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டதாகவே நினைத்தேன். மாமாவையும் கிராணியம்மாவையும் மன்னிக்கச் சொல்லி, அந்தத் தோட்டத்தை விட்டு வருகிற வரைக்கும் தினமும் முழங்காலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.