மரகதம் டீச்சரின் காந்தாரம்

வாசுதேவநல்லூர் பஸ் கண்டக்டர் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் மகள் எங்களிடம் படித்தவள். "பாட்டு டீச்சர் காலம்பற தவறிட்டாங்க. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். 

எங்கள் சங்கரன்கோவில் பள்ளியில் மரகதம் டீச்சரிடம் பாட்டுப் படித்தவர்கள் இதைப் படிப்பீர்கள். "சாப்பிட்டு முடிச்ச மாதிரி பாடாதீங்கட்டி, பசிச்ச மாதிரி பாடுங்க" என்று அவர் சொன்னது உங்கள் காதில் இருக்கும். 'பெட்டி டீச்சரை'யும் மறந்திருக்க மாட்டீர்கள். நீங்கள்தானே அதற்குப் பெயர் வைத்தீர்கள்.

பெங்களூரில் வேலை பார்த்த என் தம்பி லீவில் வந்தபோது செய்து கொடுத்த பெட்டி அது. உள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பலகை, முன்னால் மைக், மேலே பச்சையும் சிவப்புமாக இரண்டு விளக்குகள். தானாக அதற்கு ஒன்றும் தெரியாது. ஒருவர் பாடிக்காட்டி, இது சரி, இது தப்பு என்று பொத்தானை அழுத்திச் சொல்லித்தர வேண்டும். அதன்பின் யார் பாடினாலும் அதுவே தீர்ப்புச் சொல்லும்: பச்சை எரிந்தால் சரி, சிவப்பு எரிந்தால் தப்பு. ஒரே குறை, கரண்ட் போனால் படித்ததெல்லாம் மறந்துபோகும். நம் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? ஒவ்வொரு முறையும் டீச்சர் முதலிலிருந்து பாடிக் கற்றுக்கொடுப்பார். "மறந்தா மறந்துட்டுப் போவுது. உங்கள மாதிரி எதுத்துப் பேசாதுல்லா" என்பார் பிள்ளைகளிடம்.

சில வருஷம் கழித்துப் பள்ளிக்குப் புது ஆர்மோனியம் வந்தது. நான் இயற்பியல் டீச்சர்தான், ஆனால் சின்ன வயதில் வாசிக்கப் பழகியிருந்ததால் காலை வணக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். ச, ரி வரைக்கும் சேர்ந்தே போனோம். அடுத்து வந்த 'க'வில், அந்தக் காந்தாரத்தில், ஆர்மோனியம் தனியாக நின்றது. பள்ளிக்கூடமே அதற்கு ஒரு மயிரிழை கீழே நின்று பாடியது. அத்தனை பிள்ளைகளில் ஒரு குரல்கூடச் சிதறவில்லை. தப்பு என்றால் ஆளுக்கொரு மாதிரி அல்லவா வர வேண்டும்?  தலைமை ஆசிரியை என் பக்கம் குனிந்து, "ஆர்மோனியம் கெட்டுப்போச்சு போல, மூடிருங்க" என்றார்.

லேபிலிருந்து, தட்டினால் ஆளுக்கொரு சுரம் பிசகாமல் ஒலிக்கும் இசைக்கவைகளை எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் தட்டி ஆர்மோனியத்தோடு ஒத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. இசைக்கவைகளைக் கையில் எடுத்துக்கொண்டு பாட்டு அறைக்குப் போனேன். கரண்ட் அப்போதுதான் திரும்பியிருந்தது. வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து டீச்சர் இயந்திரத்துக்குப் பாடிக்கொண்டிருந்தார். அதே தணிந்த காந்தாரம். பாடிவிட்டு 'சரி' பொத்தானை அழுத்தினார். கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். என் கை நழுவி இசைக்கவைகள் தரையில் விழுந்து அறையே அதிர்ந்தது. ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. டீச்சர் திரும்பவில்லை. புறாக்கள் பறந்ததைப் பார்த்த பிறகுதான் திரும்பினார்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"கொஞ்சங் கொஞ்சமா போச்சு டீச்சர். இப்ப ஒண்ணுமே இல்ல. பாட்டு டீச்சருக்குக் காது கேக்கலன்னா யாரு வச்சிருப்பா? அக்கா படுத்த படுக்கையா கெடக்கா. நான் எங்கன போவேன்?"

பிள்ளைகளின் பாட்டை அவர் விளக்கில்தான் பார்த்து வந்திருக்கிறார். காது மங்க மங்க அவர் சுரம் இறங்கியது. இறங்கியதை இயந்திரம் படித்துக்கொண்டது. இயந்திரத்தின் பச்சைக்காகப் பிள்ளைகளும் இறங்கினார்கள். நான் விளக்கியதும் அவர் முதலில் கேட்டது, "அப்ப எம் பிள்ளைக?" என்றுதான்.

படித்ததை மறக்கட்டும் என்று கரண்டை அணைத்துத் திரும்பப் போட்டு, இசைக்கவைகளைத் தட்டி இயந்திரத்துக்கு நானே சரியான சுரம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வகுப்பை வரவழைத்தோம். ஒவ்வொருத்தியும் காந்தாரத்துக்கு வந்ததும் சிவப்பு எரிந்தது. நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தி, "டீச்சர், பெட்டிக்குத்தான் காது கேக்கல போல" என்றாள். மரகதம் டீச்சர் அவள் உதட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் போனபின் தானும் பாடினார். சிவப்பு.  பிறகு பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் செருகி, தன் குரலிலேயே மறுபடி சொல்லிக்கொடுத்தார். "எல்லாம் ஒண்ணா பாடுதாங்கல்லா? அது போதும். என்னைய காட்டிக் கொடுத்துராதீங்க" என்றார். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை ஆர்மோனியம் பூட்டியே கிடந்தது. இனி அவர் வேலையை யாரும் பறிக்க முடியாது என்பதால் இப்போது சொல்கிறேன்.

வாசுதேவநல்லூரில் அவரைக் கிடத்தியிருந்த வீட்டுக்கு இளையரசனேந்தலிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் பழைய மாணவிகள் சின்னக் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். யாரோ ஒருத்தி பள்ளி வணக்கப் பாட்டைத் தொடங்க, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். காந்தாரத்தில் எல்லாரும் அதே இடத்தில் போய் நின்றார்கள். ஒருத்தியின் மடியில் இருந்த குழந்தையும் பாடியது. இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை, பெட்டியைக் கண்ணால் பார்த்திராதது. அதுவும் அங்கேதான் நின்றது. பேய் பிசாசை நம்பாதவள் நான். ஆனாலும் அதன் பிறகு அந்தக் குழந்தையின் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்து டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாடே கொண்டாடுகிற குரல். அந்த அம்மாள் காந்தாரத்துக்கு வந்ததும் எனக்குப் பிசகாகக் கேட்டது. டீக்கடையில் இருந்தவர்களைப் பார்த்தேன். யாரும் முகம் சுளிக்கவில்லை.

சரியான சுரத்தின் அதிர்வெண்ணை இப்போது கேட்டாலும் சொல்வேன். இத்தனை வருஷம் அந்தப் பிள்ளைகளின் பாட்டையே கேட்டுப் பழகிய காதுதான் அதை ஏற்க மாட்டேன் என்கிறது. மரகதம் டீச்சர் எனக்கு விட்டுப்போனது அவருடைய காந்தாரம். அதைத் திருத்திக்கொள்கிற எண்ணம் எனக்கு இல்லை.