எடுத்தவன் பிரியாணி வாங்கணும்

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று டீவியில் சொல்வார்கள். ரொம்ப வருஷம் அதை நான் நிஜக் கூண்டு என்றே நினைத்திருந்தேன். புயல் கிட்டே வந்ததும் பிடித்து உள்ளே அடைத்துவிடுவார்கள் போலிருக்கிறது, பெரிய புயல் என்றால் பெரிய நம்பர் கூண்டு என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். துறைமுகத்தின் வாசலிலேயே பிறந்து வளர்ந்து, டோல்கேட்டுக்கும் எர்ணாவூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனின் அறிவு இது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது.

கூண்டு விஷயத்தில் என் கண்ணைத் திறந்துவிட்டவன் படகுக்காரன்.

"டேய், அது வெறும் அடையாளம்டா. கம்பத்துல தூக்கி மாட்டுவாங்க. இத்தினி வருசமா இன்னா நென்ச்சிகினு இருந்த?"

சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ முழுக்க அவன் சட்டையில். அன்றிலிருந்து ஒவ்வொரு புயலுக்கும் எனக்குப் போன் போடுவான். "மாமு, கூண்ட தொற, நீ உள்ள குந்து" என்பான்.

நாங்கள் மூன்று பேர் தோஸ்து. நான் ஒருவன். இரண்டாவது படகுக்காரன், ராயபுரத்தில் கோவில் தெருவுக்குப் பின்னால் வீடு, காசிமேட்டில் லாஞ்சில், அதாவது மீன்பிடி விசைப்படகில், கூலிக்குப் போகிறவன். மூன்றாவது லாரிக்காரன், கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவன். துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்று நின்றே அவனுக்குத் தொப்பை வந்துவிட்டது. டோல்கேட் டீக்கடைதான் எங்கள் ஆபீஸ்.

போன் பேசக் காசு போன காலத்தில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு ரிங்கு விட்டு கட் பண்ணினால் 'வந்து சேர்ந்துட்டேன்' என்று அர்த்தம். எடுத்துவிட்டால் போன் போட்டவனுக்குக் காசு போய்விடும், அதனால் எடுக்கக்கூடாது. இப்போது யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனாலும் பழக்கம் போகவில்லை. கடலிலிருந்து கரை சேர்ந்ததும் படகுக்காரன் ஒரு ரிங்கு விடுவான். சரக்கை இறக்கிவிட்டு லாரிக்காரன் ஒரு ரிங்கு விடுவான். நான் சவாரி முடித்து வீட்டுக்கு வந்ததும் ஒரு ரிங்கு விடுவேன், எர்ணாவூரிலிருந்து வருவது ஏதோ நடுக்கடலைத் தாண்டி வருகிற மாதிரி.

ஒரு பெரிய புயலுக்கு முந்தின நாள் டீக்கடையில் சட்டம் போட்டவன் நான்தான்.

"நாளிக்கு கரண்ட்ட புடுங்கிடுவான். போன்ல பேசி சார்ஜ தீக்காதீங்க. ஒரு ரிங்கு வுடு, கட் பண்ணு. உசுரோட கீறேன்னு அர்த்தம். எவனும் எடுக்கக்கூடாது. எட்த்தவன் மத்த ரெண்டு பேருக்கும் பிரியாணி வாங்கணும்."

"மட்டனா சிக்கனா?" என்றான் லாரிக்காரன்.

"மட்டன்."

"அப்ப இவன எப்டியாச்சும் எடுக்க வெச்சிரணும்" என்று படகுக்காரன் என்னைக் காட்டிச் சொன்னான். "நா வுடற ரிங்குல நீ எட்த்துட்டு அழப்போற பாரு."

அவன் மறுநாள் லாஞ்சில் காவலுக்குப் போகிறான் என்பது எங்களுக்குத் தெரியும். புயல் என்றால் லாஞ்சுகளை எல்லாம் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுவார்கள். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க நடுவில் பழைய லாரி டயரைத் தொங்கவிடுவார்கள். தண்ணீர் ஏறினால் கயிற்றைத் தளர்த்தவேண்டும், இறங்கினால் இழுக்கவேண்டும். அதற்கு லாஞ்சுக்கு ஒருவனாவது மேலே இருந்தாகவேண்டும். மற்றவர்கள் புயலைப் பார்த்து ஓடும்போது இவன் அதைப் பார்க்கப் போவான். வீட்டுக்காரியிடமும் எங்கள் சட்டத்தைச் சொல்லி, போனை அணைத்து வைத்துக்கொள், சார்ஜ் மிச்சமாகும், எனக்கு ஒன்றென்றால் தோஸ்துங்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

காலையிலேயே கரண்ட் போனது. திருவொற்றியூரில் எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. தெருத் தண்ணீர் வாசல்படிகளை ஒவ்வொன்றாக ஏறி வந்துகொண்டிருந்தது. நானும் என் பெண்டாட்டியும் அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, நாங்களும் ஏறி உட்கார்ந்தோம். காற்று எதிர்வீட்டுத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

லாரிக்காரன் ஒரு ரிங்கு விட்டான். படகுக்காரன் ஒரு ரிங்கு விட்டான். நானும் இரண்டு பேருக்கும் விட்டேன். ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. பெரிய மூளைக்காரன் மாதிரி கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

மதியவாக்கில் படகுக்காரனிடமிருந்து மறுபடி ரிங்கு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நிற்கவில்லை.

"பாரும்மே" என்றேன் பெண்டாட்டியிடம், போனை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து. "என்ன மாட்டிவுடப் பாக்கறான்."

"யோவ், எட்த்துதான் பேசேன். இன்னான்னு கேளு."

"எட்த்தா மட்டன் பிரியாணி. நீயா வாங்கித் தருவ?"

முழு ரிங்கும் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. நான் போனோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே சிரித்தேன். "அடி மாமு அடி, நல்லா அடி" என்று போனிடம் சொன்னேன். என் மகள் கூடச் சிரித்தாள். மூன்றாவது தடவை பாதியில் நின்றது. 'தோத்துட்டான்' என்று போனை அரிசி டப்பா மேல் வைத்தேன்.

காற்று திசை மாறி, மழை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் படகுக்காரனின் வீட்டுக்காரி போன் போட்டாள். அதை எடுத்தேன். அவள் பந்தயத்தில் இல்லை.

"அண்ணா, அவுரு ரிங்கு வுட்டாரா?"

"வுட்டான்மா. நல்லாதான் கீறான். நீ பயப்படாத."

"எனுக்கு வரலண்ணா. போன ஆப் பண்ணி வெச்சிருந்தேன், சார்ஜ் போயிரும்னு நீங்க சொன்னீங்கன்னு சொன்னாரு. இப்பதான் போட்டேன். ஒரு ரிங்குதான வுட்டாரு?"

"இல்லம்மா" என்று சிரிக்கப் பார்த்தேன். "முழுசா வுட்டான். ரெண்டு மூணு வாட்டி. என்ன டபாய்க்கறான்."

லைன் போய்விட்டதா என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"லாரி அண்ணனும் அதான் சொன்னாரு" என்றாள். "அவருக்கும் முழு ரிங்காம். அவரும் எடுக்கலியாம்." "அவுரு போன்ல வெளயாட மாட்டாருண்ணா. வாயிலதான் வெளயாடுவாரு."

நான் படகுக்காரனுக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆப். மறுபடி போட்டேன். அந்தப் பெண் குரல் தமிழிலும் இங்கிலீஷிலும் அதையே சொன்னது. லாரிக்காரனுக்குப் போட்டேன். முதல் ரிங்கிலேயே எடுத்தான்.

"இன்னாடா?" என்றேன்.

"எனுக்கும் வந்துச்சிடா" என்றான். "நா எடுக்கல."

பிரியாணியைப் பற்றி அவன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"நீ எங்க கீற?"

"எக்ஸ்பிரஸ் ரோட்ல, வரிசையிலதான். காசிமேடு கிட்டதான். நா எறங்கி நடக்கறேன். நீ வா."

"லாரி?"

"லாரி எங்க போவுது, அது இங்கதான் குந்தினு இருக்கும்."

ஆட்டோவைக் கிளப்பினேன். டோல்கேட் வரைக்கும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. அதற்குமேல் இருமியது, நின்றது. பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு ராஜா மாதிரி போகிற வண்டி, ஒருவனை ஏற்றிக்கொண்டு போக மாட்டேன் என்றது. பூட்டிய டீக்கடைக்கு முன்னால் அதைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. இரண்டு இடத்தில் விழுந்தேன். ஒரு செருப்பு சாக்கடையோடு போய்விட்டது, மற்றதை நானே கழற்றி எறிந்தேன். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். சோமாரி, கஸ்மாலம், உள்ளே குந்திக்கொண்டு பீடி பிடித்துக்கொண்டிருப்பான், நான் போய் நின்றதும் 'கூண்டு எங்கடா' என்று கேட்பான். அப்படிக் கேட்டால் எத்தனை பிரியாணி வேண்டுமானாலும் வாங்கித் தருகிறேன் என்று அந்தோணியாருக்கும் திருவொற்றியூர் அம்மனுக்கும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

காசிமேடு துறைமுக வாசலில் லாரிக்காரன் நின்றிருந்தான். கான்ஸ்டபிள் உள்ளே விடவில்லை.

"யாரும் போகக்கூடாது. போட்டெல்லாம் அறுத்துக்கினு திரியுது. திரும்பு, திரும்பு."

போலீஸ்காரர்களைச் சிரிக்கவைத்தே பிழைத்தவன் நான். ஷேர் ஆட்டோவுக்கு அது தேவை. அன்றைக்கு வாயைத் திறந்தால் வந்தது இதுதான்:

"சார், எங்காளு உள்ள கீறான். போன் போட்டான். நாங்க எடுக்கல."

அவர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு லத்தியை ஒதுக்கிக்கொண்டார்.

உள்ளே லாஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஒன்று முழுகி, மேல்கம்பு மட்டும் வெளியே தெரிந்தது. அது எந்த லாஞ்சு என்று எனக்குத் தெரியவில்லை. லாரிக்காரன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடித்தது என்னைத் தாங்கவா, அவன் விழாமலிருக்கவா என்று இன்றுவரை தெரியாது. பச்சைப் பெயின்ட், முன்பக்கத்தில் மாதா படம், அதுதான் அவன் லாஞ்சு. வேறு வரிசையில் போய் முட்டி நின்றிருந்தது. அறுந்த கயிறு தண்ணீரில் ஆடியது. மேலே யாருமில்லை. அவன் போனை எப்போதும் பாலிதீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டு வைத்திருப்பான். அந்தக் கவர் போனோடு பலகையில் கிடந்தது. கவரின் மேல் சிவப்பாகத் தேய்த்த மாதிரி இருந்தது.

பக்கத்து லாஞ்சின் காவல்காரர் எங்களைப் பார்த்துக் கை தட்டிக் கூப்பிட்டார். வயசானவர், தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்திருந்தார்.

"நைனா, அந்தப் பையனுக்கு வந்தீங்களா? கை நசுங்கிட்ச்சி. டயரு நவுந்துச்சின்னு கைய வுட்டு சரி பண்ணிகினு இருந்தானாம், ரெண்டு லாஞ்சும் சேர்ந்து கட்ச்சிரிச்சி. அந்த நேரம் பாத்து கயிறும் அறுந்துட்ச்சி. ஒத்தையா மெதந்துகினு வந்து என் லாஞ்சில முட்னான். அப்பதான் பாத்தேன்."

"உசுரு?" என்றான் லாரிக்காரன்.

"கீது, கீது. மீனு ஐசு தள்ற வண்டில போட்டு தள்ளிகினு ஆஸ்பத்திரிக்கி பூட்டாங்க. கத்திப் பாத்தானாம், இந்த காத்துல எவனுக்கு கேக்கும்? போன் அட்ச்சிகினே இருந்தானாம். தோஸ்துங்கதானாம். எவனும் எட்க்கலியாம்." அவர் தலையிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். "பாவம், அவனுங்களுக்கு இன்னா பேஜாரோ."

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு முன்னாலேயே அவன் வீட்டுக்காரி வந்திருந்தாள். ராயபுரத்திலிருந்து நடந்தே வந்து, அந்த வழியே போகிறவர்களையெல்லாம் கேட்டு விசாரித்துக் கண்டுபிடித்திருந்தாள். புடவை முழங்கால் வரைக்கும் சேறு. அவன் வராண்டாவில் ஒரு கட்டிலில் கிடந்தான். வலது கையில் பெரிய கட்டு, தலையணை மாதிரி. நடுவிரலும் மோதிர விரலும் இனி இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் போய் நின்றேன். லாரிக்காரன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எங்களைப் பார்த்தான், வீட்டுக்காரியைப் பார்த்தான், பிறகு அவளிடம்தான் சொன்னான்.

"டவரே இல்லம்மே. எத்தினி வாட்டி போட்டேன். ரிங்கே போவல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். முழு ரிங்கு என்று அவளிடம் சொன்னவன் நான்தான். அவன் இப்படிச் சொல்லப்போகிறான் என்று எனக்குத் தெரியுமா? பாலிதீன் கவரை நான் நீட்டினேன். வாங்கி, முந்தானையால் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

"ஆமா, டவர் இல்ல" என்றாள் கடைசியில்.

லாஞ்சு ஓனர் இரண்டு தடவை வந்து பார்த்தார், பழம் வாங்கி வந்தார். கை ஆறிய பிறகும் படகுக்காரன் லாஞ்சுக்குப் போகவில்லை. மூன்று விரலால் கயிறு நிற்கவில்லை. இப்போது ஏலம் போடுகிற இடத்தில் மீன் கூடை எண்ணும் வேலை பார்க்கிறான். 'கணக்குக்கு அஞ்சு வெரல் தேவையில்ல' என்று அவனேதான் சொல்வான். நாங்கள் சிரிப்போம். சத்தம் மட்டும்தான் வரும்.

பந்தயம் என்று பார்த்தால் யாருமே போனை எடுக்கவில்லை. நான் போட்ட சட்டப்படி நாங்கள் எல்லோரும் ஜெயித்துவிட்டோம்.

அடுத்த மழைக்காலம் மறுபடி கூண்டு ஏற்றினார்கள். சாயங்காலம் வண்டியில் சவாரி நிறைந்திருந்தது. போன் அடித்தது, படகுக்காரன். ஒரு ரிங்கு முழுதாக முடியவில்லை, எடுத்துவிட்டேன். வண்டியை நடு ரோட்டிலேயே நிறுத்திவிட்டேன். பின்னால் ஒரு பஸ் என் பரம்பரையையே திட்டியது.

"இன்னாடா? இன்னா ஆச்சி?"

"ஒண்ணியும் ஆவல. வூட்டுக்கு வந்துட்டேன்னு ரிங்கு வுட்டேன்." அவன் சிரித்தான். "எட்த்துட்ட பாத்தியா. மட்டன் பிரியாணி."

புயல் தெற்கே போய்விட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன், லாரிக்காரனும் வந்தான். தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தோம். அவன் வலது கையாலேயே சாப்பிட்டான். சோறு விரல் இடுக்கில் வழிந்து இலைக்கே திரும்பியது. மறுபடி எடுத்தான், மறுபடி வழிந்தது. உதவி செய்ய யாருக்கும் தைரியமில்லை. நான் என் பொட்டலத்தையே பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் வீட்டுக்காரி எனக்கு முட்டை ஒன்று வைத்துவிட்டு, தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் நகர்த்தினாள்.

"அண்ணா, இன்னொரு வாட்டி புயல் வந்தா பந்தயம்லாம் வேணாம்" என்றாள், மெதுவாக, அவனுக்குக் கேட்காத மாதிரி. "பிரியாணி நா செஞ்சி தரேன். நீங்க போன எடுங்க."