இருவரும் காணாதது

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு ஒன்று இருந்தது. அந்தப் பக்கம் அக்காவின் இருமல், மதியம் பிரிக்கும் நாசி லெமாக் பொட்டலத்தின் தேங்காய்ப்பால் சோற்று வாசனை. இந்தப் பக்கம் நான். திரை இழுத்த அறை, இரண்டு நுண்ணோக்கிகள். எண்பதுகளின் தொடக்கத்தில், கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில், அதுதான் எங்கள் உத்தியோகம்: பார்ப்பது, பார்த்ததைப் பேசாமல் இருப்பது. அக்கா எனக்கு உறவில்லை. அந்த அறைதான் உறவு.

கடல் தாண்டி எங்கோ, ஒளிவேகத்தை நெருங்கும் புரோட்டான்களைப் ஒளிப்படப் படலம் பூசிய கண்ணாடித் தகடுகளில் மோதவிட்டு, கழுவி, எங்கள் விரிவுரையாளருக்கு அனுப்புவார்கள். மோதிய இடம் நட்சத்திரம்போலச் சிதறியிருக்கும். அதிலிருந்து கனமான குவார்க் என்னும் உட்துகளைச் சுமந்த துகள் ஒன்று புறப்பட்டால் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதற்குள் செத்து, கிளையாகப் பிரியும். அந்தக் குட்டிக் கவட்டைத்தான் தேடினோம். அப்படி எத்தனை பிறக்கின்றன என்பதே கேள்வி. ஒரே தகட்டை இருவரும் தனித்தனியாகப் பார்க்கவேண்டும், ஒருவரிடம் ஒருவர் மூச்சுவிடக் கூடாது. இருவரும் கண்டவை, ஒருத்தி மட்டும் கண்டவை, இவற்றை ஒப்பிட்டால் இருவருமே தவறவிட்டவை எத்தனை என்று கணித்துவிடலாம் என்றார் விரிவுரையாளர்.

எனக்கு அது கிள்ளானிலிருந்து பஸ் ஏறி வந்துபோகும் வேலை. அக்காவுக்கு வெளியே வர இருந்த ஒரே வழி. பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டில் இருந்தாள். கல்யாணப் பேச்சை எல்லோரும் நிறுத்திவிட்ட வயது. கிரில் கதவின் சாவி அண்ணியின் இடுப்பில். சமைத்து, அண்ணன் பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிட்டு, கதவு திறக்கும்வரை செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பாளாம். "எங்கண்ணன் தொட்டியில மீன் வளக்குறாரே, இந்த வேலை இல்லாட்டி அதுவும் நானும் ஒண்ணுதான் லா" என்று சிரிப்பாள்.

பிறகு அவள் தவறவிடுவது கூடியது. வலக்கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். அடுத்த தகட்டிலும் இப்படியென்றால் வேறு ஆள் வைக்கவேண்டியிருக்கும் என்று விரிவுரையாளர் தேநீரைப் பார்த்துக்கொண்டு எங்களிடம் சொன்னார்.

அந்தத் தகட்டை நான்தான் முதலில் பார்த்தேன். கீழ்மூலையில், ஒரு கீறலை ஒட்டி, கவடு ஒன்று. தகட்டைக் கைமாற்றும்போது என்னால் முடியவில்லை. "அக்கா, கீழ..." என்றேன்.

என் வாயைப் பொத்தினாள்.

"வேணாம் பிள்ள. நீ சொல்லி நான் எழுதுனா அதுவும் உன் கண்ணுதான். அப்புறம் ரெண்டு பேரும் விட்டது எத்தனன்னு யாருக்குமே தெரியாம போயிரும்."

"உங்க வேலை போயிரும்க்கா."

"தெரியும்."

தடுப்புக்கு அப்பால் அவள் நாற்காலி அசைந்தபோதெல்லாம் கண்டுவிட்டாளோ என்று தலை தூக்கினேன். அவள் குறித்தவற்றில் அது இல்லை. மாதக் கடைசியில் அந்த நாற்காலியில் வேறொரு பெண். எங்கள் எண் ஓர் ஆய்விதழில் வந்தது. எண்ணுக்குப் பக்கத்தில், இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று விட்ட இடத்தில், அக்காவின் கண்ணும் இருந்தது.

தீபாவளிப் பலகாரம் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். அண்ணி பூட்டைத் திறந்து, என்னை உள்ளே விட்டு, மறுபடி பூட்டினாள். அக்காவிடம் நான் கேட்டதற்கெல்லாம் அண்ணியே பதில் சொன்னாள். அவங்களுக்கு இங்க என்ன குறை என்றாள். உள்ளே பிள்ளை அழ, எழுந்து போனாள். அக்கா என் பக்கம் சாய்ந்தாள்.

"கணக்கு முடிஞ்சிருச்சா?"

"அச்சாகியே வந்துருச்சுக்கா."

"அப்ப இனி சொல்லலாம். எங்க இருந்துச்சு?"

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். தகட்டை மனத்துக்குள் மெல்ல நகர்த்துகிறாள் என்று தெரிந்தது. வெளியே ஒரு ரயில் முழுவதுமாகக் கடந்துபோனது.

"பாத்தேன்" என்றாள். "கீறல்ல ஒட்டுன தூசின்னு நெனச்சு தாண்டிட்டேன்."

அவள் கண் கெட்டுவிட்டதென்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவளும்தான். ஆனால் கண் அதைக் கண்டிருந்தது. அன்று அவள் முகத்தில் வந்தது ஆறுதலா, அதைவிடப் பெரிய வலியா, அவளது அப்போதைய வயதை நானே தாண்டிவிட்ட இன்றும் எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்குள் அண்ணி சாவியோடு வந்துவிட்டாள்.