அர்ஜுனன் மோட்டார் வைண்டிங் ஒர்க்ஸ் டாட் காம்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் வெப்சைட் என்கிற வேலையை முதலில் கையில் எடுத்த ஆள் ஒன்பதாம் வகுப்பில் பெயிலானவர். அந்த ரோட்டில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்வார்கள். மற்றவர்கள் அது என்ன, எதற்கு என்று விசாரித்துக்கொண்டிருந்த காலத்தில், எரிந்த மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற அர்ஜுனன், வார்னிஷ் பிசுக்குப் போகாத அதே விரல்களால் ஒரு பக்கத்தைச் செய்து துபாய் வரைக்கும் காட்டிவிட்டார். பெருமை பேசுவதாக நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைப்படும்படி ஒரு மனுஷன் செய்தால் பேசத்தான் வேண்டும்.

அடி அண்ணாமலையில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போட்ட குடும்பம் அவருடையது. எண்பத்தொன்பதில், திருவண்ணாமலை தனி மாவட்டமான வருஷம், டவுனுக்கு வந்து ஒரு வைண்டிங் கடையில் சேர்ந்தார். எரிந்த கம்பியை வெட்டி உருவுவதுதான் முதல் வேலை. நல்ல கம்பியைத் தொடவிடவே முதலாளிக்கு வெகுநாள் பிடித்தது. தொட்ட பிறகு அர்ஜுனன் விடவில்லை. சில வருஷங்களில் செங்கம் ரோட்டில் சொந்தமாகக் கடை போட்டு, ‘அர்ஜுனன் மோட்டார் வைண்டிங் ஒர்க்ஸ்’ என்று போர்டு மாட்டினார். தண்டராம்பட்டுப் பக்கத்து விவசாயி கிணற்று மோட்டாரை வண்டியில் ஏற்றினால், வழியில் இருக்கிற கடைகளை எல்லாம் தாண்டி வந்து இவர் கடையில்தான் இறக்குவார். ஆசிரமத்தைச் சுற்றி முளைத்த கெஸ்ட் ஹவுஸ்களிலும் மாடிக்குத் தண்ணீர் ஏறியது இவர் கைராசியில்தான்.

இரண்டாயிரத்தில் அந்தப் பக்கம் ரேவதி என்ற பெண் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார். பி.எஸ்.சி. படித்தவர், கணவர் வாத்தியார். ஒயரிங் வேலைக்கு அர்ஜுனனைக் கூப்பிட்டார்கள். வேலை முடிகிற நேரத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு வீட்டின் மாடி, கட்டில், குளியலறை எல்லாவற்றையும் படம் படமாகப் பார்த்தாள். பாண்டிச்சேரியில் இருக்கிற அந்த வீட்டில் இங்கிருந்தே ரூம் போட்டுவிட்டு எழுந்து போனாள். அர்ஜுனன் ஸ்குரூ டிரைவரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னாம்மா அது?”

“வெப்சைட்டுண்ணா. கடை போர்டு மாதிரிதான். ஆனா உலகம் பூரா தெரியும்.”

“உலகம் பூரா தெரியற போர்டா? எங்க மாட்டுவாங்க?”

ரேவதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “எங்கயும் மாட்ட வேணாம். இங்கயே உக்காந்து எழுதறதுதான்.”

“அப்ப எனக்குக் கத்துக்குடு. உன் சென்டர்ல எந்த மிஷின் படுத்தாலும் நான் வந்து எழுப்பிவிடறேன்.”

விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் ரேவதி நினைத்தார். மறுநாள் விடியற்காலையில், குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு ஆள் வாசலில் நின்றது. அர்ஜுனனுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனால் பக்கம் செய்வதற்கு எழுதுகிற குறிகளில் திறக்கிற குறி ஒன்று, மூடுகிற குறி ஒன்று என்று ரேவதி காட்டியதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இது ஆரம்ப முனை, இது முடிவு முனை. அவ்ளோதானே? காயில் முனைய வெளிய கொண்டாரலனா மோட்டார் ஓடாது. இங்கயும் அதே கதைதான்.”

“அப்படியே வெச்சுக்கங்க. ஆனா இங்க தப்பு பண்ணா பொகை வராது. நீங்களேதான் கண்டுபிடிக்கணும்” என்றார் ரேவதி.

வீட்டில் மனைவி ஆதிலட்சுமிக்கு இது பிடிக்கவில்லை. “கெணறு பாயலன்னு வயித்தெரிச்சலோட வர்றவன்கிட்ட கம்ப்யூட்டரக் காட்டுவீங்களா?” என்று கேட்டார்.

“கடைக்கு ஒரு கொறையும் வராதுமே.”

“வராத மாரி பாத்துக்கங்க. விடியக்காலம் என்னா வேணா பண்ணுங்க. கடை தொறக்கற நேரத்துல கடை தொறந்திருக்கணும். அவ்ளோதான் நான் சொல்லுவேன்.”

அர்ஜுனன் அந்தப் பேச்சை மீறவில்லை. விடியற்காலையில் ரேவதியின் சென்டர், அதற்குப் பிறகு தன் கடை. ஷட்டர் தூக்குகிற நேரம் ஒரு நாளும் தவறவில்லை. டீக்கடையில் மட்டும் அவர் பேர் மாறிவிட்டது. “வாப்பா டாட் காம், உக்காரு” என்பார்கள். “டாட் காம் அண்ணனுக்குச் சக்கரை கம்மியா ஒண்ணு” என்று மாஸ்டர் உள்ளே குரல் கொடுப்பார். அர்ஜுனன் டீயை உறிஞ்சிக்கொண்டே, “சிரிங்கடா. இன்னும் கொஞ்ச நாள்ல டாட் காம் இன்னானு நீங்களே என்னக் கேக்கப் போறீங்க” என்பார்.

முதல் வேலை சக்கரவர்த்தியிடமிருந்து வந்தது. சக்கரவர்த்தி நிலம் விற்றுப் புதிதாகக் கெஸ்ட் ஹவுஸ் கட்டியவர். நல்ல கட்டடம்தான். ஆனால் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, புளியந்தோப்புக்குப் பின்னால் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. போர் மோட்டாரைப் பார்க்கப் போன அர்ஜுனனிடம் புலம்பித் தீர்த்தார்.

“மொத்த சனமும் ரோட்டு மேலயே தங்கிடுதுடா. தீபத்துக்காச்சும் ரூம் ரொம்புமானு தெரியல.”

“ஒரு வெப்சைட் போட்டுடலாம் மொதலாளி. நான் பண்றேன்.”

“நீயா? நீ மோட்டார் கட்டறவன்டா!”

“உங்க மோட்டார் ஓடுதா இல்லையா?”

சக்கரவர்த்தி மோட்டாரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். செய்து பார் என்று விட்டுவிட்டார். மற்ற கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். இது சரியாக வந்தால் மற்றவர்களும் கொடுப்பார்கள். சொதப்பினால் அந்த ரோட்டில் ஒருத்தனும் இவரை நம்பி இந்த வேலையைத் தரமாட்டான். அது அர்ஜுனனுக்கு நன்றாகவே தெரியும்.

ஐப்பசியில் பக்கம் தயாரானது. மாடியிலிருந்து தெரிகிற மலை, சுத்தமான ரூம், வெந்நீர் எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. இங்கிலீஷ் வாசகம் ரேவதி எழுதியது. எல்லாவற்றுக்கும் மேலே, கெஸ்ட் ஹவுஸ் பேருக்கு முன்னால், அர்ஜுனன் தமிழ் எழுத்தில் பிள்ளையார் சுழி போட்டார். கடையில் ஒரு பில் எழுதினாலும் சுழி இல்லாமல் எழுதாத மனுஷன் உலகத்துக்குக் காட்டுகிற பக்கத்தைச் சும்மா ஆரம்பிப்பாரா? பக்கம் இன்டர்நெட்டில் ஏறியது. ரேவதியின் சென்டரில் எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் அழகாக இருந்தது. அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் அர்ஜுனன் செலவில் வடை.

கொஞ்ச நாள் போயிருக்கும். கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்த நேரத்தில் சக்கரவர்த்தி வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்த வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது.

“டேய் அர்ஜுனா! எம் மருமவன் பிரசாத் துபாய்லேர்ந்து போன் பண்ணான். வூட்டுப் பேருக்கு முன்னாடி கேள்விக்குறி போட்டு வெச்சிருக்கியாமே! வூடு இருக்குதா இல்லையானு உனக்கே சந்தேகமா?”

“கேள்விக்குறியா? நான் பிள்ளையார் சுழிதானே போட்டேன்!”

“அங்க இருக்கறவனுங்க எல்லாம் சிரிக்கிறானுங்களாம். தோ பாரு, வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். சரியாவலனா மெட்ராஸ் கம்பெனிக்குக் குடுத்துடுவேன். இந்த ரோட்டுல அத்தனை பேர்கிட்டயும் சொல்லியும் வெப்பேன்.”

வந்த வேகத்திலேயே போய்விட்டார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் விடியலில் ரேவதியும் அர்ஜுனனும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கே பார்த்தால் சுழி சுழியாகவே இருக்கிறது. கடைசியில் ரேவதிக்குத்தான் பொறி தட்டியது. சென்டரில் இருக்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் தமிழ் எழுத்து ஏற்றி வைத்திருந்தார். துபாயில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஒரு கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தை எடுத்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தார். பிள்ளையார் சுழி இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றது.

“பிள்ளையாருக்கு துபாய்ல விசா கெடைக்கலண்ணா” என்றார் ரேவதி.

அர்ஜுனன் சிரிக்கவில்லை. “நம்ம வூட்டுலயே பாத்துட்டு ஊருல எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சிருக்கேன்” என்றார்.

“எடுத்துடலாம்ணா. ஒரு எழுத்துதானே? எடுத்துட்டா வேலை முடிஞ்சுது.”

“அத மட்டும் சொல்லாத. அது இல்லாம எதையும் ஆரம்பிச்சதில்ல. கடை நிக்குது பாரு.”

“கடைய நிக்க வெச்சது நீங்க, சுழி இல்ல. சக்கரவர்த்தி வேலை கைய விட்டுப் போய்ட்டா வெப்சைட் வேலையே உங்களுக்கு நிக்காது. வெள்ளிக்கெழம வந்துடும்.”

அந்தப் பேச்சு அர்ஜுனனைக் குத்தியது. நேராகக் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கினார். பிரித்துப் போட்ட மோட்டார் முன்னால் உட்கார்ந்து புதுக் கம்பியை இழுத்தார். புதுச் செம்புக் கம்பி தங்கமாக மின்னும், பார்த்திருப்பீர்கள். இரண்டு சுற்று போட்டிருப்பார். கை தானாக நின்றது. கம்பியில் ஒரு துண்டை நறுக்கி, மூக்குக் குறட்டால் வளைத்தார். மேலே சுழித்து, கீழே இழுத்து, அடியில் இரண்டு கோடு. செம்பில் வந்த பிள்ளையார் சுழியைக் கையில் வைத்துப் பார்த்தார். எழுத்தைத் தெரியாத கம்ப்யூட்டர் உண்டு. படத்தைத் தெரியாத கம்ப்யூட்டர் உண்டா?

ரேவதியின் ஸ்கேனரில் அதை வைத்தார்கள். மேலே ஒரு கறுப்புத் துணியைப் போட்டு மூடினார்கள். திரையில் வந்த படத்தைப் பார்க்க ரேவதி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டார். கறுப்புப் பின்னணியில் செம்பு வளைந்து வளைந்து மின்னியது. எழுத்துக்குப் பதில் அந்தப் படத்தை வெப்சைட்டில் வைத்து, தமிழ் எழுத்தை எடுத்துவிட்ட கம்ப்யூட்டரில் திறந்தார்கள். சுழி சுழியாகவே வந்தது.

“அண்ணா, இது மொத இருந்ததை விட நல்லாருக்கு” என்றார் ரேவதி. “கீழ, பக்கத்தச் செஞ்சவருன்னு உங்க பேரு போடணுமே. இன்னா பேரு போடலாம்? ஏதாவது ஸ்டைலா...”

“கடைக்குத்தான் பேரு இருக்குதே. அதையே போடு.”

“வெப்சைட்டுக்குக் கீழ மோட்டார் வைண்டிங் ஒர்க்ஸா?”

“ஒரே ஆளு, ஒரே கை. பேரு மட்டும் எதுக்கு ரெண்டு?”

வெள்ளிக்கிழமைக்கு முன்பே துபாயிலிருந்து போன் வந்துவிட்டது. அது தங்கத்தில் செய்ததா என்று அங்கே கேட்கிறார்களாம். சக்கரவர்த்தி கடைக்கு வந்தார். ஆனால் சுலபத்தில் இறங்குகிற ஆளில்லை. “படம் ஷோக்காத்தான் இருக்குது. படத்தப் பாத்து ஆளு வந்தாத்தான் ஒத்துக்குவேன். தீபம் வரைக்கும் பாக்கறேன்” என்றார்.

கார்த்திகை பிறந்தது. ஊரில் சனம் சேர ஆரம்பித்தது. ரோட்டு மேலிருந்த லாட்ஜ்கள் நிரம்பின. புளியந்தோப்புக்குப் பின்னால் இருந்த வீடு மட்டும் காலியாகவே கிடந்தது. அந்த நாட்களில் அர்ஜுனன் டீக்கடைப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

தீபத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு காலையில் கடை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பெட்டிகளோடு ஒரு வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும், கூடவே வயதான ஓர் அம்மாவும் இறங்கினார்கள். இத்தாலிக்காரர்கள்.

“அண்ணே, உங்களத் தேடித்தான் வந்திருக்காங்க” என்றார் ஆட்டோக்காரர். “பேப்பர்ல உங்க பேரு போட்டிருக்குது பாருங்க.”

அந்த இத்தாலிக்காரர் கையில் வெப்சைட் பக்கத்தை அச்செடுத்த தாள் இருந்தது. முன்கூட்டி எழுதி ரூம் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நேராகக் கிளம்பி வந்துவிட்டார்கள். மேலே இருந்த வீட்டுப் பேர் ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. கீழே இருந்த மோட்டார் கடைப் பேர் தெரிந்தது. அவ்வளவுதான்.

அந்த அம்மா கடைக்குள் எட்டிப் பார்த்தார். சுவரெல்லாம் காயில், தரையெல்லாம் மோட்டார். “ரூம்?” என்று சந்தேகமாகக் கேட்டார்.

“நோ ரூம். மோட்டார்” என்றார் அர்ஜுனன். பிறகு தாளில் மின்னிய சுழியைத் தொட்டு, தன் மார்பைத் தட்டிக் காட்டினார். “திஸ், மீ! கம், கம்!”

எழுந்தவர் சட்டென்று நின்றார். கடை திறந்திருக்கிற நேரம். சோறு கொண்டுவந்த ஆதிலட்சுமி ஒதுங்கி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரே உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“போய்ட்டு வாங்க. கடை தொறந்துதான் இருக்குது.”

அர்ஜுனன் பெரிய பெட்டியைத் தோளில் தூக்கினார். டீக்கடை வழியாகத்தான் போனார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு வழி இருந்தது. ஆனால் இந்த வழியாகத்தான் போனார். பின்னால் மூன்று இத்தாலிக்காரர்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர் பின் ஒருத்தராக எழுந்து நின்று பார்த்தார்கள்.

சக்கரவர்த்தி வராண்டாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “யாருடா இவங்க?”

“நம்ம பக்கத்தைப் பாத்து வந்தவங்க மொதலாளி. ஒத்துக்கறீங்களா?”

சக்கரவர்த்தி தாளைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். “மொதல்ல அதக் கீழ வைடா, கழுத்து புடிச்சுக்கப் போவுது” என்றார். பிறகு சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, கூடத்திலிருந்த தன் நாற்காலியை இழுத்து அர்ஜுனனுக்குப் போட்டார். “உக்காரு. காபி சாப்ட்டுட்டுத்தான் போவணும்.”

பின்னாலேயே இன்னும் சிலர் அதே தாளோடு வந்தார்கள்; தீபத்தன்று அந்த வீட்டில் காலி ரூம் கிடையாது. பொங்கல் கழித்து ரோட்டு மேலிருந்த கெஸ்ட் ஹவுஸ்காரர்கள் ஒவ்வொருவராக மோட்டார் கடைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் மேலே செம்புச் சுழி வேண்டும் என்றார்கள். ரேவதியும் அர்ஜுனனும் பங்குதாரர்கள் ஆனார்கள். வேலூர் வரைக்கும் ஆர்டர் போனது. மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் காரில் வந்து, கடையை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள் என்று கூப்பிட்டதும் உண்டு. அர்ஜுனன் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். இன்றும் விடியலில் வெப்சைட், வெயில் ஏறினால் மோட்டார்.

போன வாரம் சக்கரவர்த்தி தன் வீட்டுக்கு வந்த ஒரு டாக்டரைக் கடைக்கே கூட்டிவந்து, “இவருதான் சார் நம்ம வெப்சைட்காரரு. மோட்டாரும் கட்டுவாரு” என்று அறிமுகப்படுத்தினார்.

காயிலிலிருந்து கண்ணை எடுக்காமல் அர்ஜுனன் திருத்தினார்: “மோட்டார்தான் மொதல்ல. உக்காருங்க சார், தோ முடிச்சுட்டு வந்துடறேன்.”