கால் அறியாத இறுக்கம்

திருப்பதியில், கால் மருத்துவரின் அறையில், கண்ணை மூடிப் படுத்திருந்தேன். அவர் நைலான் இழையால் என் பாதத்தைத் தொடுவார்; எத்தனை முறை என்று நான் எண்ண வேண்டும். முப்பத்து நான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது ஒரு சோதனையா என்று நினைத்தேன். ஆறு என்றேன்.

"பத்து," என்றார் மருத்துவர். "சர்க்கரையால நரம்பு கெட்டுப்போச்சு சார். கால்ல புண் வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. சர்க்கரை குறைய தினமும் உடற்பயிற்சி வேணும். சைக்கிள்னா பாதத்துல பாரம் விழாது. நடக்கறதா இருந்தா நல்ல ஷூ வாங்கிக்கிட்டு நடங்க."

வடமாலபேட்டையில் எங்கள் தெருவில் காலை இழந்தவர்கள் இரண்டு பேர். இருவருக்கும் ஒரு கொப்புளத்தில்தான் ஆரம்பித்தது.

முதலில் சைக்கிளையே எடுத்தேன். சென்னை போகும் சாலையில் லாரிகள் ஒவ்வொன்றும் என்னைத் தேடி வருவது போலிருந்தது. கைப்பிடியை இறுகப் பிடித்தபடி ஒரு சுற்றுச் சுற்றி வீடு திரும்பினேன். வாசலில் நின்ற மனைவி என் காலைப் பார்த்தாள்.

"இன்னாங்க, இன்னொரு செருப்பு எங்க?"

"கால்லதான் இருக்குது."

"எந்தக் கால்ல?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுமையாக இருந்தது. எங்கே நழுவியது, எவ்வளவு தூரம் வெறுங்காலால் மிதித்து வந்தேன், எதுவும் தெரியவில்லை. மறுநாள் சைக்கிளைப் பூட்டிவிட்டேன். நடந்தால் தரையாவது பக்கத்தில் இருக்கும்.

திருப்பதிக் கடையில் ஏழு ஜோடி ஷூ போட்டுப் பார்த்தேன். ஆறு தொளதொளவென்று இருந்தன. ஏழாவதுதான் காலைப் பிடித்துக்கொண்டது.

"சரிபோயிந்தா சார்?" என்றார் கடைக்காரர். அளவு பொருந்தியதா என்று தெலுங்கில் கேட்கிறார்.

"விரலாண்ட புடைச்சிக்கினு இருக்குது," என்றாள் மனைவி.

"இருக்கட்டும். இது ஒண்ணுலதான் ஷூ போட்டுக்கினு இருக்கேன்னே தெரியுது."

நான்காம் நாள் நடந்துவிட்டு வந்து காலுறையைக் கழற்றினேன். சுண்டுவிரல் பக்கம் ரத்தம் ஊறியிருந்தது.

"வலிக்கலயா?"

"இல்ல."

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெருவில் காலை இழந்த அந்த இரண்டு பேர் ஞாபகம்தான்.

மருத்துவர் கட்டுப் போட்டார். மரத்துப்போன காலுக்கு இறுக்கம்தான் சுகமாகத் தெரியும், நிறைய பேர் இப்படித்தான் சின்ன ஷூவாகப் பார்த்து வாங்குகிறார்கள் என்றார். புண் ஆற ஐந்து வாரம் ஆனது. நடையும் இல்லை, சைக்கிளும் இல்லை. தினமும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பாக எது தெரிந்தாலும் அவளைக் கூப்பிட்டேன்.

ஆறிய பிறகு, கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மருத்துவர் சொன்னபடி மனைவி என் பாதத்தை அட்டையில் வரைந்து வெட்டினாள். அதை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனோம். அட்டையை ஒவ்வொரு ஷூவிலும் விட்டோம். ஓரம் மடங்கினால் அந்த ஷூ வேண்டாம். ஒன்பதாவது ஷூவில் மடங்காமல் படுத்தது. அவள் கையை உள்ளே விட்டு, குத்தும்படியாகத் தையல் இருக்கிறதா என்று நுனிவரை தடவினாள்.

"சரிபோயிந்தா சார்?" என்றார் இந்தக் கடைக்காரரும்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தலையாட்டிய பிறகு, ஆமாம் என்றேன். காலில் அது இருப்பதே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இப்போது காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி அவளிடம் நீட்டுகிறேன். துழாவிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல, போங்க," என்கிறாள். பிறகுதான் கிளம்புகிறேன். வரும் வாரம் அவள் பிச்சாட்டூருக்கு, மகள் வீட்டுக்குப் போகிறாள். மூன்று நாள் நானே துழாவிப் பார்க்க வேண்டும். என் கைவிரல்களும் மரத்திருந்தால் என்ன செய்வது என்று நேற்று கேட்டுவிட்டேன்.

உள்ளே போய்க் கொஞ்சம் கடலைப்பருப்பு எடுத்து வந்தாள். "கண்ண மூடிக்குங்க."

ஷூவுக்குள் பருப்பு விழும் சத்தம் கேட்டது. காதால் எண்ணிவிடக் கூடாதென்று மனதுக்குள் வாய்ப்பாடு சொன்னேன். பிறகு கையை விட்டு, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

"நாலு," என்றேன்.

"நாலுதான்."

கண்ணைத் திறக்காமல் ஷூவை அவளிடம் கொடுத்தேன். "இன்னொரு வாட்டி போடு."