செத்த பயிரில் கூடிய கூட்டம்

மண் மாதிரிப் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது அமராவதிபுதூரிலிருந்து காசிம் பாய் போன் செய்தார். "தம்பி, லூர்தம்மா போயிட்டாக. காய்ச்சல்னுதான் படுத்தாக."

அங்கே பதினைந்து சிறு விவசாயிகள் நடத்தும் குழுவுக்கு லூர்தம்மா என்ற லூர்துமேரி தலைவி, காசிம் பாய் ஓர் உறுப்பினர். நான் வேளாண்மை படித்துவிட்டு ஆலோசனை சொல்லப் போனவன். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், பயிர் தோற்ற வயலில்தான் கூட்டம் போடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். நன்றாக விளைந்ததைக் காட்டினால்தானே கற்பார்கள் என்று வாதாடினேன். "பச்சையா நிக்கிற வயல்ல பாராட்டத்தான் முடியும் சார்" என்றார்.

மழை பழைய மாதக் கணக்கில் வருவது நின்றுபோயிருந்தது. அந்த வருடம், புழுதியிலேயே விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருங்கள் என்றேன். மேலாகத் தூவி லேசாக ஓர் உழவு போட்டால் போதும் என்றும் சொன்னேன். ஒரு தூறல் விழுந்தது, விதை முளைத்தது. பிறகு மூன்று வாரம் வெயில். லூர்தம்மாவின் வயல் முழுக்கக் கருகியது. வீட்டில் மிச்சம் ஒரு மூடை விதைநெல்தான்.

கூட்டம் அந்த வயலில். வரப்போரம் ஏர் திரும்பும்போது மண்ணை இருமுறை புரட்டியதில் விதை ஆழமாகப் புதைந்த இடத்தை லூர்தம்மா கொத்திக் காட்டினார். இரண்டு விரல் ஆழத்தில் கிடந்த நெல் தூறலுக்கு ஏமாறாமல் அப்படியே இருந்தது. நான் குனிந்து ஒரு நெல்லை எடுத்துப் பார்த்தேன்.

"நீங்க சொன்னதுல எது தப்பாப்போச்சுன்னு சொல்லிப்புட்டீகன்னா, மிச்ச விதைய நான் காப்பாத்திக்கிருவேன் சார்."

"ஆழத்தைப் பத்தி நான் யோசிக்கல" என்றேன்.

உடனே லூர்தம்மா காசிம் பாய் பக்கம் திரும்பினார். மேலாகத் தூவியும் தன் விதைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டீக்கடையில் பெருமையடித்தவர் அவர். அதை நம்பி இன்னும் இருவர் அப்படியே விதைக்க இருந்தார்கள்.

"பாய், நீங்க ரெண்டாந்தடவ விதைச்சத என் மாடு பாத்துச்சு. சாட்சிக்குக் கூட்டியாரவா?"

பாய் சிரித்துவிட்டார். "வேணாம்மா, நானே சொல்லிர்றேன். எனக்கும் கருகித்தான் போச்சு. வெக்கமா இருந்துச்சு, உழுது மறைச்சு மறுபடி விதைச்சுட்டேன்."

அந்த இருவரும் விதையைத் திருப்பி வைத்தார்கள். மறுநாள் எல்லோருமாக ஏர் பூட்டி, லூர்தம்மாவின் மூடையை ஆழமாக விதைத்தோம். ஐப்பசியில் நல்ல மழை வந்து அது முளைத்தது. விளைந்தது சாப்பாட்டுக்குப் பற்றவில்லை, ஆனால் அடுத்த வருட விதைக்கு அவர் யாரிடமும் போய் நிற்கவில்லை.

இந்த வருடமும் மழை தள்ளிப்போகிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, போன தடவை நான் சொன்னதில் எது பொய்த்தது என்று சொல்லிவிடுவேன். இன்னமும் நாக்குக் கூசுகிறது. ஆனால் அதன் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறக்கிறார்கள்.