மச்சான் என்று அழுத சின்னம்மா

போன மாதம் கல்லடிக் கடற்கரையில் பிள்ளைகள் கூடி மெழுகுதிரி கொளுத்தினார்கள். வெளிநாட்டில் கிற்றார் வாசித்துப் பாடுகிற ஒருவர் இறந்துபோனாராம். அவரை இங்கே ஒருவரும் நேரில் கண்டதில்லை. பாட்டும் இங்கிலீசுப் பாட்டு. ஆனாலும் பக்கத்து வீட்டுப் பெண் மூக்குச் சிவந்து, கண் வீங்கி எங்கள் வேலிப் படலையடியில் நின்றாள்.

"அம்மா என்னப் பாத்துச் சிரிக்கிறா, ஆச்சி. உங்கட காலத்தில பாட்டுக்காரருக்கு ஆரும் அழுதிரிக்காங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் புள்ள" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இந்த வயதிலும் அந்தப் பேச்சு வந்தால் எனக்கு முகம் சுடுகிறது. நான் நாலு பேர் முன்னால் வாய்திறந்து பேசப் பழகாதவள். படித்ததும் அஞ்சாம் வகுப்பு மட்டும்தான். எழுதினால் என் முகத்தை யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் பழுகாமத்தில் இருந்தோம். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கலியாணம் ஆகாமல் எங்களோடு இருந்தார். வீட்டு றேடியோ அப்பா வாங்கியது என்றாலும் அதை ஆண்டது சின்னம்மாதான். நெல் அவிக்கும்போது அது அடுப்படிக்கு வரும், பாய் இழைக்கும்போது பாய்க்குப் பக்கத்தில் வந்து உட்காரும். சண்டைச் செய்தி, சந்தை விலை எதுவும் அவருக்கு வேண்டாம். பொப் பாட்டு வேண்டும். அதிலும் பெரியகல்லாற்றுக் கிற்றார்க்காரரின் பாட்டு வேண்டும்.

அந்த மனிதர் கரண்டில் வேலைசெய்கிற கிற்றார் வைத்திருந்தார். தோள்வரை தலைமயிர். கோயில் திருவிழா, கானிவேல் என்று அவருடைய கூட்டம் எங்கும் போகும். மேடையில் குதிக்கிற குதியைப் பார்த்துப் பெரியவர்கள் பேய் பிடித்தவன் என்றார்கள். அவர் மைக்கைப் பிடித்ததும் பெண்கள் இருக்கும் பக்கம் திரும்பி, "என்ன மச்சாள்மாரே, சுகமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட்டைத் தொடங்குவார். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பாக இருக்கும். அதனால் எங்கள் பகுதிக் குமர்ப்பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் கிற்றார் மச்சான். வாயைப் பொத்திக்கொண்டு, தங்களுக்குள் மட்டும்தான் சொல்வார்கள். ஆண்கள் தங்களுக்குள் யாரையும் மச்சான் என்று கூப்பிடலாம், அது சிநேகிதம். ஒரு பெண்ணின் வாயில் அந்தச் சொல் வந்தால் அது அவள் கட்டக்கூடிய மனிதன் என்றாகிவிடும். முறை என்பது எங்கள் பக்கத்தில் விளையாட்டுக் காரியமல்ல.

அந்த மச்சான் கானிவேலுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் விழுந்து இறந்துபோனார். மீன் விற்க வந்தவர்தான் செய்தி கொண்டுவந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த சின்னம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டு வளவின் பின்பக்கம் போனார். வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, மிகவும் சாதாரணமாக, "அந்தச் செத்தவீடு மாப்பிள்ள வீட்டுக்குப் பக்கத்து வளவுதானே அக்கா? நாம போகாட்டிக் குறையா நினைக்க மாட்டாங்களா?" என்றார்.

சின்னம்மாவுக்கு அப்போது பெரியகல்லாற்றில் ஒரு சம்பந்தம் பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. மாப்பிள்ளையின் தாய் ஒருமுறை வந்து பெண்ணைப் பார்ப்பதுதான் பாக்கி. அம்மா யோசித்தார். செத்தவீட்டில் நகையில்லாமல், பூவில்லாமல், தலைகுனிந்து இருக்கிற பெண்ணைப் பார்த்தால் அந்த மனிசிக்குப் பிடித்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. தங்கை எவ்வளவு புத்திசாலி என்று அம்மாவுக்குப் பெருமைகூட வந்தது.

அம்மாவும் சின்னம்மாவும் நானுமாக, எங்கள் பக்கமான படுவான்கரையிலிருந்து தோணியில் ஆற்றைக் கடந்தோம். பாதி ஆற்றில் அம்மா பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"இஞ்ச கேள். நாம அவங்களுக்கு ஒண்டுமில்ல. தம்பி எண்டு சொல்லி ஒள்ளுப்பம் அழுதிட்டு, கூட வேணாம், மூலையில போய் இரி. மாப்பிள்ளட அம்மா உன்னத்தான் பாத்திட்டு இரிப்பா."

"ஓம் அக்கா" என்றார் சின்னம்மா. கண் தண்ணீரில் இருந்தது.

செத்தவீட்டு ஒழுங்கையில் கால்வைக்க இடமில்லை. எங்கிருந்தோ வந்த பொடியன்மார் மண்ணில் குந்தியிருந்து, "டேய் மச்சான், எங்கள விட்டிட்டுப் போயிட்டியேடா" என்று நெஞ்சில் அடித்துக் கத்தினார்கள். யாரும் அவர்களைத் தவறாகப் பார்க்கவில்லை. வேலிக்கு வெளியே குமர்ப்பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் அழவில்லை. தாவணித் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றார்கள். சொந்தமில்லாத வீட்டுக்குள் எந்த முறை சொல்லிக்கொண்டு போவது?

உள்ளே பெட்டிக்கு மேல் அந்தக் கிற்றாரைக் குறுக்காக வைத்திருந்தார்கள். தலைமாட்டில் தாய் இருந்தார். அவரைச் சுற்றி இருந்த பெண்கள் தோளோடு தோள் பிடித்து, மகனே, தம்பி, அண்ணா, பேரா என்று அவரவர் முறை சொல்லி அழுதார்கள். அம்மா முறைப்படி குனிந்து, "என்ட தம்பி" என்று தொடங்கி, அழகாக அழுது, அளவாக நிறுத்தினார். அடுத்தது சின்னம்மா. அவர் குனிந்தார். கிற்றாரைப் பார்த்தார்.

"என்ட மச்சான்! ஒருக்கா எழும்பிச் சுகமா எண்டு கேளுங்க மச்சான்!"

அழுகை சட்டென்று நின்றது. வெளியே அடித்த பறைமேளம் மட்டும் கேட்டது. ஒரு கிழவி, "இது ஆர்ர புள்ளகா?" என்றார். எங்களைத் தெரிந்த வேறொருத்தி, "படுவான்கரையில இவனுக்கு எந்த மாமன் இரிக்கான்?" என்றாள். அம்மா பின்னாலிருந்து சின்னம்மாவின் இடுப்பில் கிள்ளினார். எல்லாத் தலைகளும் முதலில் சின்னம்மாவை, பிறகு அம்மாவை, பிறகு என்னைப் பார்த்தன. எனக்கு மூத்திரம் வந்துவிடும்போல் இருந்தது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

இறந்தவரின் தாய் தலையைத் தூக்கினார்.

"என்ட மகன உனக்குத் தெரியுமா?"

"றேடியோவில தெரியும்."

"கண்டிரிக்கியா?"

"திருவிழாவில. தூரத்தில நிண்டு."

"மறுகா எப்பிடி உனக்கு மச்சான்?"

சின்னம்மா மூக்கை உறிஞ்சினார். "அவர்தான் முதல்ல எங்கள மச்சாள் எண்டு கூப்பிட்டவர்" என்றார்.

யாரோ சேலைத் தலைப்புக்குள் சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்கவில்லை. சின்னம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

"வா, இதில இரி மருமகள்" என்றார். "நல்லா அழு."

சின்னம்மா போய் இருந்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுத அழுகையைப்போல நான் பிறகு எந்தச் செத்தவீட்டிலும் கேட்டதில்லை. அதைக் கேட்டதும் வேலிக்கு வெளியே நின்ற பிள்ளைகளும் வாய்த்துணியை எடுத்துவிட்டு, மச்சான் மச்சான் என்று ஓலமிடத் தொடங்கினார்கள். அத்தனை பேர் அழுதும் ஊரில் நின்ற பெயர் முதலில் அழுதவருடையதுதான்.

திரும்பும்போது படலையடியில் ஒரு பருத்த அம்மாள் எங்கள் வழியை மறித்தார். அவர்தான் மாப்பிள்ளையின் தாய். "நல்ல அடக்கமான தங்கச்சிகா உனக்கு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரமே தரகர் வந்து, "பொம்பிளைக்கு அங்க முதலே ஒரு மாமி இரிக்காவாமே" என்று சொல்லி வெற்றிலையைத் துப்பினார். சம்பந்தம் முறிந்தது.

பள்ளிக்கூடத்தில் பொடியன்மார் என்னைக் கண்டால் கூட்டுகிற தும்புக்கட்டையைக் கிற்றார்போலப் பிடித்துக்கொண்டு, "மச்சாள்ட மகள் வாறா, டொங் டொங்" என்பார்கள். நான் படிப்பை விட்டதற்கு வீட்டில் வேறு காரணங்கள் இருந்தன. ஆனால் விடச் சொன்னபோது நான் அழவில்லை.

இவ்வளவும் போதாதென்று, முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு அந்த மீன்காரரிடம் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு பொதி வந்தது. பன்புல்லில் இழைத்த உமல் பையில் கட்டிய கருவாடு. அவர் அதை நடுத்தெருவில் என் கையில் தந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "மருமகளுக்கு மாமி குடுத்துவிட்டவ" என்றார். வீடுவரை அதைச் சுமந்துகொண்டு போனபோது தெருவே என் கையைப் பார்ப்பதுபோல் இருந்தது. அம்மா அதைத் தொடவில்லை. சின்னம்மா கழுவிப் பொரித்தார்.

நான் அடுப்படியில் நின்று, அதுவரை யாரும் கேட்காததைக் கேட்டேன். "தம்பி எண்டு அழத்தானே அம்மா சொன்னவ. ஏன் அப்பிடி அழுதீங்க?"

சின்னம்மா கருவாட்டைப் புரட்டினார். "தம்பி எண்டு அழ அங்க நிறையப் பேர் இரிந்தாங்க" என்றார். பிறகு, "மாமி தந்தது, தின்னு" என்று என் சோற்றில் ஒரு துண்டு வைத்தார்.

மாமியாம். இந்த விளையாட்டு இன்னும் முடியவில்லையா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்தத் தாய்க்குக் கூடப்பிறந்த ஆண்கள் இல்லை என்பதும், அவருடைய புருசனுக்கு அக்கா தங்கச்சிமார் இல்லை என்பதும், கலியாணம் ஆகாமல் போன மகனை மச்சான் என்று முறை சொல்லி அழ அந்த வீட்டில் ஒரு பெண்கூட இருக்கவில்லை என்பதும் எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லி, அந்தத் துண்டைச் சோற்றின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தேன். சின்னம்மா அதையும் எடுத்துச் சாப்பிட்டார்.